வாய்க்கால் கரையில் இரண்டு பச்சை

டிசம்பர் 5, வெள்ளி

காலையில் தூறல். பத்து மணிக்கு வெயில். மாலையில் மறுபடி மூட்டம். நாளைக்கு மழை வேண்டாம்.

லீவு கையெழுத்தாகிவிட்டது. சனி முதல் புதன் வரை. இந்தத் திருப்பூர்க் கம்பெனிக்கு வந்த பதினான்கு மாதங்களில் முதல் முறை. மேனேஜர் மோகன் சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏனுங்க ஜெனி, அமராவதி டேமுக்கு சைக்கிள்லயா? பஸ்ல போனா ஒரே நாள்ல போயிட்டு வந்தர்லாமுங்களே."

"மெதுவாப் போலாம்னுதானுங்க சார்."

"மெதுவாப் போறதுக்கு லீவு கேட்ட மொத ஆள் நீங்கதானுங்க."

போட்டுவிட்டார். திட்டும்போதும் 'ங்க' விடாத மனிதர். அதனாலேயே கூடுதலாக வலிக்கும்.

வழி, கூட வரும் தோழி நித்யா வரைந்தது: பல்லடத்தில் அவள் வீட்டிலிருந்து பொங்கலூர் வரை மெயின் ரோடு, வேறு வழி இல்லை. அங்கிருந்து பி.ஏ.பி. பாசன வாய்க்கால் கரையோடு தெற்கே, மலை அடிவாரம் வரை. திருமூர்த்தி மலை. அமராவதி நகர். பிறகு ஆற்றோடு இறங்கித் தாராபுரம். அங்கே பஸ்ஸின் கூரையில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வீடு. நி.யின் ஒரே நிபந்தனை: ஹாரன் கேட்காத வழி மட்டும். எத்தனை கேட்டது என்று நான் தினமும் எழுதிவைக்க வேண்டும்.

எடுக்க வேண்டியவை:
பம்பு, பஞ்சர் பெட்டி
இரண்டு ட்யூப் (ஒன்று நி.க்கு, அவளுடையது பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிள், இன்னும் அதேதான்)
தொப்பி
கடலை மிட்டாய்
இந்த நோட்டு
புத்தகம் வேண்டாம். ஒன்றுகூட.

கடைசி வேலை ஆறரைக்கு வந்தது. பச்சை டி-சர்ட் ஆர்டருக்குக் கழுத்து ரிப், அதாவது பட்டித் துணி, சாயம் போடும் டையிங்கிலிருந்து. உடல் துணியின் பச்சையும் கழுத்துப்பட்டியின் பச்சையும் ஒன்றா என்று பார்த்து மெர்ச்சண்டைசர் கையெழுத்துப் போட்டால்தான் கட்டிங்குக்குப் போகும். அந்த மெர்ச்சண்டைசர் நான். லைட் பாக்ஸ் அறை பூட்டியிருந்தது. சாவிக்காரர் கிளம்பிவிட்டார். ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். ஒரே பச்சை. சீட்டில் 'ஓகே' எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, ரிப் ரோலில் பின் அடித்தேன்.

கட்டிங் மாஸ்டர் சேவியர் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். அவருக்கு நாசரேத் பக்கம், எங்கள் அப்பா ஊருக்கு அடுத்த ஊர்.

"திங்கக்கெழம காலைல மொத இதாம்மா கத்திக்கு ஏறும். நீ நிம்மதியாப் போயிட்டு வா. டேம்ல முதல கெடக்காம், குளிக்கப் போயிராத."

இரண்டு துணியிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பிடித்த நிறங்களை ஒட்டிவைப்பது பழைய பழக்கம். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'காட்டுப் பாசி'. அவர்கள் எந்தக் காட்டைப் பார்த்தார்களோ.

டிசம்பர் 6, சனி

விடியும்போது பனி. ஹேண்டில் ஈரம்.

ஐந்தரைக்குக் கிளம்பியும் பயனில்லை. பல்லடம் ஜங்ஷனிலேயே மூன்று தனியார் பஸ், ஒன்றையொன்று முந்திக்கொண்டு. பொங்கலூர் வரை ஹாரன் எண்ணினேன். அறுபத்தொன்று. அதில் ஒன்று என் வலது தோளுக்குப் பின்னாலேயே. ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டேன்.

வாய்க்கால் பாலத்தில் வலதுபக்கம் திரும்பினோம். நூறு அடி. அவ்வளவுதான். யாரோ ஒரு கதவைச் சாத்தியதுபோல.

செம்மண் தடம், இரண்டு சக்கரம் போகும் அகலம். ஒரு பக்கம் நிறைந்து ஓடும் தண்ணீர். மறுபக்கம் தென்னை, சோளம், கோழிப்பண்ணை நாற்றம், மறுபடி தென்னை. தண்ணீர் எங்களுக்கு எதிரே வந்தது. வேகமாக. சத்தமே இல்லாமல்.

நி. சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தாள். தறிக்கூடத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். இருபது தறி ஓடும்போது பேசுகிற குரல், தறி நின்ற பிறகும் இறங்காது. அப்பாவுக்கு வயதான பிறகு அவர்கள் கூடத்தை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். "அந்தக் கொக்கைப் பாரு ஜெனி" என்றாள். கொக்கு பறந்துவிட்டது. அடுத்ததும்.

"நீ சொன்னாத்தான் அதுக்குப் பறக்கோணும்னே தெரியுது."

"அப்ப மீன்கொத்திய நீயே காட்டு போ."

மதகு ஒன்றின் பக்கத்தில் லஸ்கர் ஒருவர், வாய்க்கால் காவல். காக்கிச் சட்டை, லுங்கி, கையில் நீளமான இரும்புச் சாவி.

"ஏனுங்க அம்மணி, எங்கிங்க போறீங்க?"

"மலைக்குங்க."

"கோயிலுக்கா?"

"சும்மாங்க."

"சும்மாவா?" அவர் சைக்கிள்களைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "வேண்டுதலுங்களா?"

"இல்லீங்க."

"பெட்ரோல் வெல ஏறிப்போச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா, ஹாரன் இல்லாத எடமாப் போறோமுங்க" என்றாள் நி.

அவர் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார். "அதுவும் சரிதானுங்க. எனக்கு இருபத்தி ரெண்டு வருசமா சம்பளம் குடுத்து இங்க உக்கார வெச்சிருக்காங்க. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்."

பஞ்சர் ஒன்று. நி.யுடையது. வேலமுள். அரை மணி நேரம். ட்யூபை வாய்க்கால் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடினோம். ஓடுகிற தண்ணீரில் குமிழி நிற்கவில்லை. தொப்பியில் தண்ணீர் அள்ளி அதற்குள் பார்த்தோம்.

இரவு தங்கல் குடிமங்கலம் பக்கம், நி.யின் அத்தை தோட்டத்தில். அத்தை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "ஏங்கண்ணு, ஊட்ல கார் நிக்குது, உங்கப்பன் எதுக்கு உன்ன இப்படி உட்டான்? சண்டையா?" பிறகு எனக்கும் சேர்த்துச் சுடுதண்ணீர். ராகிக் களி, கீரைக் கடைசல். இரண்டாவது உருண்டையை மறுக்க முடியவில்லை.

பொங்கலூருக்குப் பிறகு ஹாரன்: 1. பால் வண்டி. அதுவும் மயிலுக்காக.

தொடை வலி. நல்ல வலி.

டிசம்பர் 7, ஞாயிறு

வானம் துடைத்ததுபோல. தெற்கே முதல் தடவையாக மலை முழுதாகத் தெரிந்தது. நீலம். நெருங்க நெருங்கப் பச்சை. காற்றாலைகள் வரிசையாக, பாதி சுற்றுகின்றன, பாதி லீவில்.

சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. அம்மா கேட்பாள்.

காலை முழுக்க ஒரு ஹாரனும் இல்லை. நி. சொன்னாள், போன மாதம் காது டாக்டரிடம் போனாளாம். வலது காதில் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். "மேல் சத்தமெல்லாம் போயிருச்சாம் ஜெனி. குருவி, கொலுசு, அதெல்லாம்." அதனால்தான் அந்த நிபந்தனை. இரண்டு நாளாகச் சொல்லாமல் வந்திருக்கிறாள். கடலை மிட்டாயை உடைத்து அவளுக்குப் பெரிய பாதியைக் கொடுத்தேன்.

பன்னிரண்டரை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து இதை எழுதத் திறந்தேன். நல்ல வெயில்.

வெள்ளிக்கிழமைப் பக்கம்.

இரண்டு பச்சை.

உடல் துணி சாம்பல் கலந்த பச்சை. ரிப்பில் செம்மண் நிறம் தட்டுகிறது. வேறு வேறு. கண் கூசுகிறது என்று நினைத்தேன். கண்ணை மூடித் திறந்தேன். நோட்டைத் திருப்பிப் பிடித்தேன். பாலத்துக்குக் கீழே நிழலில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு. நி.யிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டி, "இது எத்தனை நிறம்?" என்றேன்.

"ரெண்டு. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ட்யூப் லைட்டில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் பிரியும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லைட் பாக்ஸ் என்ற பெட்டியை வாங்கி வைத்திருப்பதே அதற்காக. ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும், பகல் வெளிச்ச விளக்கில் கட்டாயம். சாவிக்காரருக்கு ஒரு போன் செய்திருந்தால் வந்திருப்பார். வீடு நாலு தெரு தள்ளித்தான். எனக்கு லீவு தொடங்கியிருந்தது.

நாளைக் காலை எட்டரைக்குக் கட்டிங். வெட்டாத ரிப்பை டையிங்குக்குத் திருப்பி அனுப்பலாம். பட்டி பட்டியாக வெட்டிவிட்டால் முடியாது. தைத்துவிட்டால் மொத்த டி-சர்ட்டும் போச்சு. கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ரோலில் என் கையெழுத்து. அதற்குப் பிறகு நிறத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம்.

போன வருடம் இப்படி நிறம் மாறிய ஷேட் தப்பில் ஒருவருக்கு வேலை போனது. அவருடைய நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

சேவியர் அண்ணாச்சிக்குப் போன். எடுக்கவில்லை. ஞாயிறு, சர்ச்சில் இருப்பார். மோகன் சாருக்கு மெசேஜ் அடித்தேன். அழித்தேன். 'சார் ஒரு சின்ன டவுட்' என்று தொடங்கினேன். சின்னதும் இல்லை, டவுட்டும் இல்லை. அழித்தேன். பிறகு டவர் போய்விட்டது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

பிற்பகல் முழுக்க நல்ல தடம். எதையும் பார்க்கவில்லை.

மாலை ஐந்து, திருமூர்த்தி மலை அடிவாரம். கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் அறை. ஜன்னல் ஓரத்தில் ஒரு கோடு சிக்னல். அண்ணாச்சி கூப்பிட்டார். எல்லாம் சொன்னேன்.

"அட பாவி மவளே. சரி, அழாத. நாஞ் சொல்லுதத கேளு. நாளைக்கு ரிப்பு ரோல காணலன்னு சொல்லிருதேன். உடம்பு துணிய வெட்டிட்டு இருப்போம். நீ வியாழக்கெழம வந்து சத்தமில்லாம டையிங்குக்கு அனுப்பிரு. ஒரு பயலுக்கும் தெரியாது."

"அண்ணாச்சி, உங்களைத்தானே கேப்பாங்க?"

"என்னைய எத்தன வட்டம் ஏசிருக்காவ. எனக்கு மரத்துப்போச்சு. நீ மல ஏறுனியா, எறங்குனியான்னு இரு."

"சரிங்கண்ணாச்சி" என்றேன்.

சரி என்றேன். எழுதிவைக்கிறேன்.

நி.யிடம் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். பிறகு, முதல் தடவையாக, மெதுவான குரலில்: "நீ சரின்னு சொன்னதுக்கப்புறம் உன் மூஞ்சி நல்லா இல்ல ஜெனி."

ஹாரன் 0. இதற்காகவா வந்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

காலை ஐந்து. குளிர். மலை கறுப்பாக, மிக அருகில்.

தூக்கம் சரியில்லை. கணக்கு இதுதான்: ரோலை வியாழன் வரை ஒளித்துவைத்தால் மூன்று நாள் போகும். கப்பல் தவறும். அண்ணாச்சி ரோலைத் தொலைத்தவர் ஆவார். நான் லீவிலிருந்து வந்து கண்டுபிடித்தவள் ஆவேன். பாராட்டுகூடக் கிடைக்கலாம்.

ஆறு மணிக்கு நி.யை எழுப்பினேன். "மோகன் சார்கிட்டச் சொல்லப்போறேன்."

"சொல்லு."

"டவர் இல்ல." நேற்றைய ஜன்னலிலும் கோடு இல்லை.

அவள் தலைமுடியைக் கட்டிக்கொண்டே யோசித்தாள். "ஹாரன் எங்க கேக்குதோ அங்க டவர் இருக்கும்."

ஆக, இரண்டு நாள் தவிர்த்ததைத் தேடிப் போனோம். தளி ரோட்டில் இறக்கம். பிரேக் பிடிக்காமல். பல் கூசும் குளிர். நி. பின்னால் கத்திக்கொண்டே வந்தாள்: "கேக்குதா? எனக்குக் கேக்கல, உனக்குக் கேக்குதா?" ஆறேழு கி.மீ. எதுவும் இல்லை. ஆடுகள். ஒரு டிராக்டர், அதிலும் ஹாரன் இல்லை. பிறகு தூரத்தில், இரண்டு தட்டு, நீளமாக ஒன்று. உடுமலை பஸ். வாழ்நாளில் அந்தச் சத்தம் இவ்வளவு அழகாகக் கேட்டதில்லை.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை. நாலு கோடு. ஏழு நாற்பது.

மோகன் சார் முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க ஜெனி. முதலை பாத்தாச்சுங்களா?"

"சார், பச்சை ஆர்டர் ரிப், ஷேட் தப்புங்க. நான் ஓகே போட்டது தப்புங்க. வெட்ட வேண்டாமுங்க."

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவது நின்றது.

"லைட் பாக்ஸ்ல பாக்கலீங்களா?"

"இல்லீங்க சார். ட்யூப் லைட்ல பாத்தேனுங்க."

"ஏனுங்க?"

"ரூம் பூட்டியிருந்துச்சுங்க. லீவுக்குக் கெளம்பற அவசரமுங்க."

"எத்தன வருசமுங்க இந்த வேலையில?"

"அஞ்சுங்க சார்."

"அஞ்சு வருசம் வேல பாத்தவங்க ட்யூப் லைட்ல ஷேட் பாத்தீங்களாக்கும். ரொம்ப நல்லதுங்க. இத நான் ஓனர்கிட்ட எப்படீங்க சொல்றது?" குரல் உயரவே இல்லை. "வெச்சிருங்க. கூப்படறேன்."

ஒரு மணி நேரம். இரண்டு டீ. மூன்றாவது ஆறிப்போனது. டீக்கடைக்காரர் ஆளுக்கொரு பன்னை முன்னால் வைத்துவிட்டுப் போனார், கேட்காமலே. எட்டு இருபது. எட்டரை. இப்போது அண்ணாச்சி ரோலைக் காணோம் என்று சொல்லுவார். எட்டு முப்பத்தைந்து. வேலை போனால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ரோட்டில் இருபத்தி மூன்று ஹாரன்.

எட்டு நாற்பது. மோகன் சார்.

"நிறுத்தியாச்சுங்க."

எழுந்து நின்றேன்.

"நான் கட்டிங்குக்குப் போனா சேவியர் அண்ணாச்சி ரோல் காணோம்னு மேஜைக்கு அடியில குனிஞ்சு தேடிட்டிருக்காருங்க. ஷேட் தப்பாமா, ஜெனி போன் பண்ணுனாங்கன்னு சொன்னனுங்க. சொன்ன ஒடனே ரோல் கெடைச்சிருச்சுங்க. அவரு உக்காந்திருந்த சேருக்குப் பின்னால. நான் ஒண்ணும் கேக்கலீங்க. நீங்களும் சொல்லாதீங்க."

"சார், நான் இப்பவே பஸ் ஏறி வந்தர்றனுங்க."

"வந்து என்னங்க பண்ணுவீங்க? ரிப் டையிங் போயிட்டு வர்றதுக்கே புதன் காலைல ஆயிருமுங்க. அதுவரைக்கும் என் மொகத்தையா பாத்துட்டு உக்காந்திருக்கப் போறீங்க? எனக்கும் ஒங்க மொகத்தப் பாக்கற மாதிரி இல்லீங்க இப்போ. புதன் எங்கிங்க இருப்பீங்க?"

"தாராபுரமுங்க."

"செரி. புது ரிப்புல ஒரு துண்டு வெட்டி பஸ்ல குடுத்து உடறேன். பாத்துட்டு அதே கண்டக்டர்கிட்ட திருப்பிக் குடுத்து உடுங்க. கையெழுத்து நீங்கதான் போடோணும். தப்பா போட்டதும் நீங்கதானுங்களே."

போன் வைத்த பிறகு நி.யைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை. பன்னை முழுதும் தின்றேன். அவளுடையதையும்.

டீக்கடைக்காரர்: "வேலை இருக்குதுங்களா போச்சுங்களா?"

"இருக்குதுங்கண்ணா."

"அப்ப ரெண்டு டீ. ஆறுனதச் சேத்தலீங்க."

இரவு அமராவதி நகர். மலையோரத்துச் சின்ன ரோடு, புளிய மரங்கள், காலுக்கடியில் ஒன்றுமே இல்லாததுபோல் ஓட்டம். அணையில் தண்ணீர் நிறைந்து மலை தலைகீழாக. நாங்கள் போவதற்குள் முதலைப் பண்ணையை மூடிவிட்டார்கள். மோகன் சாரின் முதலைக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

சேவியர் அண்ணாச்சி மெசேஜ், குரலில்: "ஏ ஜெனி, சொல்லப்போறன்னா ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? மேஜைக்கு அடியில குனிஞ்ச இடுப்ப இன்னும் நிமுத்த முடியல." பின்னால் மெஷின் சத்தம், சிரிப்பு.

டிசம்பர் 9, செவ்வாய்

இளவெயில். மெல்லிய காற்று, முதுகுப்பக்கமிருந்து.

இன்றைக்கு எல்லாம் இறக்கம். தண்ணீரும் நாங்களும் ஒரே திசையில். இரண்டு நாள் எதிரே வந்த தண்ணீர் இப்போது கூட வருகிறது. வேறு தண்ணீர்தான், இருந்தாலும்.

கல்லாபுரம் வயல்கள். நெல், பால் பிடிக்கிற பருவம். நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஒரே வயலில் ஏழு பச்சை எண்ணினேன். எதுவும் எதோடும் மேட்ச் ஆகவில்லை. யாரும் ரிஜெக்ட் செய்யவில்லை.

நேற்றிலிருந்து உடம்பில் ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. யோசித்தேன், என்ன மாதிரி என்று. பின்னலாடைத் துணியை ரோலிலிருந்து பிரித்த உடனே வெட்ட மாட்டோம். விரித்து, தளர்வாகப் போட்டு, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். ரோலில் இழுபட்டு இருந்த துணி மெல்ல மெல்லத் தன் அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டு வெட்டினால், போட்டுக்கொண்ட பிறகு சுருங்கும். அந்த ஒரு நாள் ஹாலில் நடந்துபோனால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். துணி சும்மா கிடக்கும்.

கொழுமம் தாண்டி ஆற்றில் குளித்தோம். முட்டியளவு தண்ணீர். கூழாங்கல். (முதலை இல்லை. மூன்று பேரிடம் கேட்டோம்.) நி. பாறைமேல் உட்கார்ந்து கையைத் தூக்கி, பேசாதே என்று காட்டினாள். அவள்! பேசாதே என்று என்னை!

"என்ன?"

"மீன்கொத்தி. கேட்டுச்சு."

எந்தக் காதில் என்று கேட்கவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் எதிரே மூங்கில் குச்சியில் உட்கார்ந்திருந்தது, பறக்காமல். ரொம்ப நேரம்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தறிக்காரங்களுக்குக் காதுல வெக்கற பஞ்சு மாதிரி விக்குதாமா. பத்துப் பேருக்கும் வாங்கோணும். எனக்கும்." அவ்வளவுதான். மறுபடி மீன்கொத்தி.

கணியூரில் அவள் சித்தி வீடு. கதவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள், இந்து வீட்டில். "பக்கத்து ஊட்டுக்காரங்க குடுத்தாங்க, நல்லாருக்குதல்லங்க" என்றார். நல்லாயிருந்தது.

ஹாரன்: 4. நான்கும் நியாயமானவை.

மோகன் சார் மெசேஜ்: 'நாளைக்கு 11.20க்கு தாராபுரம் பஸ் ஸ்டாண்ட். நீல கலர் வண்டி. கண்டக்டர் சட்டைப் பையில கவர்.' 'ங்க' இல்லை. எழுதும்போது போடமாட்டார் போல. அல்லது இன்னும் கோபம்.

டிசம்பர் 10, புதன்

காலையிலேயே மேகம். ஏழு மணிக்குக் கொஞ்சம் வெயில். கிளம்பும்போது மூடிக்கொண்டது.

ஆற்றோரத் தடம். பாதி மணல். தள்ளிக்கொண்டுதான் போனோம். பதினொன்றுக்குத் தாராபுரம். ஊர் தொடங்கும் இடத்தில் ஹாரன் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்ட். நீல வண்டி பதினொன்று இருபத்தி மூன்றுக்கு வந்தது. கண்டக்டர் கவரை நீட்டினார்.

"திருப்பூர் பார்சல் நீங்கதானுங்களா? பாத்துட்டுச் சீக்கிரம் குடுங்க. பத்து நிமிசத்துல வண்டி எடுக்கோணும்."

உள்ளே புது ரிப், கையகலம். கூடவே உடல் துணி, கையகலம். சேர்த்துப் பிடித்தேன். மேலே பார்த்தேன். பிளாட்பாரத்துக் கூரையில் ட்யூப் லைட், பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரே பச்சை. அச்சாக ஒரே பச்சை.

கூரையை விட்டு வெளியே வந்தேன். வானம் முழுக்க மூட்டம்.

"என்னங்க பாக்கறீங்க, பச்சைதானுங்களே?" கண்டக்டர்.

"ரெண்டும் ஒரே பச்சையான்னுங்க."

"ரெண்டும் பச்சைதானுங்க."

பஸ்ஸில் ஏறப்போன ஒரு அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "காட்டு சாமி, நானும் ஆறு வருசம் செக்கிங்ல இருந்தவதான்." விரலால் மடித்தார். இழுத்தார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இன்னொருவர் எட்டிப் பார்த்து "ஓகேதானுங்க" என்றார். அவர் இருபது வருடம் அயர்னிங்காம். அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "அயர்ன் போட்டவங்களுக்கு ஷேடு என்னங்க தெரியும்? வெயிலு வரோணும் சாமி. இந்த மூட்டத்துல யாராலயும் சொல்ல முடியாது."

டிரைவர் ஹாரன் அடித்தார். நீளமாக.

"ஏனுங்க, ஆகுமா ஆகாதுங்களா? ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுங்க."

பேனா கையில் இருந்தது. அங்கே திருப்பூரில் மேஜையும் ஆட்களும் காத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் என்றால் இன்றைக்கு வெட்டி முடிக்க முடியாது. போன் அடித்தது. மோகன் சார்.

"பாத்தீங்களா?"

"மேகமுங்க சார்."

பின்னால் அண்ணாச்சி யாரையோ ஏசுவது கேட்டது.

"அடுத்த வண்டி எத்தன மணிக்குங்க?" என்றார்.

"பன்னெண்டு பத்துக்குங்க."

"செரீங்க. அதுல வரட்டுமுங்க."

'ங்க' வந்துவிட்டது.

நீல வண்டி போனது. அந்த அம்மா ஜன்னலிலிருந்து கையை மேலே காட்டினார், வானத்தை. நி.யும் நானும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்கு வந்தோம். கீழே அமராவதி. துண்டுகளை இந்த நோட்டில், வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்கு எதிரே, காற்றில் போகாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பதினொன்று ஐம்பது. ஐம்பத்தைந்து. நி. மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வருது."

ஆற்றின் அக்கரையிலிருந்து நகர்ந்து வந்தது. தென்னைகள், மணல், தண்ணீர், பாலத்துத் தூண். பிறகு என் கை.

ஒரே பச்சை.

திருப்பிப் பார்த்தேன். நிழலில் பார்த்தேன். நி.யிடம் நீட்டினேன். "எத்தனை நிறம்?"

"ஒண்ணு."

பன்னிரண்டு பத்து வண்டிக்கான கவரில் எழுதினேன்: ஓகே. கையெழுத்து, தேதி. பக்கத்தில், சின்ன எழுத்தில்: வெயிலில் பார்த்தது.